எஸ்டேட் இரும்பும் ஆசாரியின் கட்டையும்

பழைய தச்சுச் சாமான்களைத் தேடி அலைகிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் என்னைப் பார்க்க வருகிறீர்கள். சிலர் வாங்கிச் சரிசெய்து விற்கிறீர்கள். சிலர் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்கிறீர்கள். எதற்காக வாங்கினாலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். துருவை எப்படி எடுப்பது, எந்த எண்ணெய், எந்தக் கல். அதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நாலு இழைப்புளியைக் கெடுத்தால் ஐந்தாவதில் கை படிந்துவிடும். துருவை எடுத்த பிறகு அடியில் ஒன்று தெரியுமே, அதை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். அதை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு உத்தமபாளையம். எல்லோரும் என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டேன். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும், தொழிலை விட்டவர்கள், ஊரை விட்டவர்கள் வீடுகளில் பரணில் கிடக்கிற இழைப்புளி, உளி, மரம் செதுக்குகிற வாச்சி, ரம்பம் எல்லாம் வாங்குவேன். மலை மேல் எஸ்டேட்டுகளில் கழித்துப் போடுகிறதையும் எடுப்பேன். சுத்தம் செய்து, பிடி போட்டு, சாணை பிடித்து, உழைக்கிற ஆசாரிகளுக்கே திரும்ப விற்பேன். அழகுக்கு வாங்குகிறவர் அப்போது யாரும் கிடையாது. மற்ற கடைகளில் புதிதாக வந்த உளி மரத்தில் ஒரு முடிச்சில் பட்டாலே வாய் மழுங்கிப்போகும். பழைய சீமை எஃகு நாள் முழுக்கத் தாங்கும். அதற்காகத்தான் வந்தார்கள். பிடி போடுகிற வேலையை என் மச்சான் பார்த்துக்கொண்டான். என் மனைவியின் தம்பி.

பண்ணைப்புரத்திலிருந்து வண்டிச் சக்கரம் செய்கிற ஒருவர், ஒரு தடவை தன் வாச்சியைச் சாணைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிடி ஒரு பக்கம் குடைந்து கோணலாக இருந்தது. மச்சான் நல்ல மனசோடு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேரான கொய்யாக் கட்டையில் புதுப் பிடி போட்டு, எண்ணெய் தடவி வைத்தான். அவர் வந்து வாச்சியைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தோம், அவருக்கு வலது கையில் கட்டைவிரல் இல்லை. அந்தக் குடைவு அவர் கை உட்காருவதற்காக அவரே செதுக்கிக்கொண்டது. மனிதர் கோபப்படவில்லை. பழைய பிடி எங்கே என்று மட்டும் கேட்டார். அது வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. கடை வாசலிலேயே உட்கார்ந்து, புதுப் பிடியை மடியில் வைத்துப் பொழுது சாயும்வரை செதுக்கி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு, யார் கை என்று கேட்காமல் நாங்கள் எந்தப் பிடியையும் தொட்டதில்லை.

அப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரு சாமானைப் பார்த்தே அதைப் பிடித்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லுகிற பழக்கம் எனக்கு வந்தது. இடது கைக்காரரா, குள்ளமா, அவசரக்காரரா என்று சொல்லிவிடுவேன். ஊரில் அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. அந்தப் பெயர்தான் என்னை மேகமலைக்கு இழுத்துக்கொண்டு போனது.

எழுபதுகளின் பின்பாதி அது. சின்னமனூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். அங்கே வேலாயுதன் ஆசாரி என்று ஒருவர் இருந்தார். பீர்மேட்டுப் பக்கத்து மலையாளி. இளவயதிலேயே மலை ஏறி வந்து, தொழிற்சாலை, பங்களா, தொழிலாளர் லயன் வீடுகள் என்று அந்த எஸ்டேட்டில் மரம் இருக்கிற இடமெல்லாம் கை வைத்தவர். கட்டிக்கொண்டது சின்னமனூரில். அதனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் இழைப்புளியை மட்டும் கடைசிவரை 'சிந்தேரு' என்றே சொன்னார். மாதச் சம்பளம் வாங்கி இறங்குகிற நாட்களில் என் கடைக்கு வருவார். அதிகம் பேசாமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பத்தில் ஒன்றை வாங்குவார். இடது கைக்காரர்.

அவர் வேலை முடிந்து ஓய்வு பெற்றார். பெட்டி சட்டியோடு எஸ்டேட் லாரியில் கீழே இறங்கும்போது, கேட்டில் காவல்காரர் வழக்கம்போல் சாமான்களைப் பார்த்திருக்கிறார். ஆசாரியின் மரப்பெட்டிக்கு அடியில் ஒரு பெரிய துரப்பணம் கிடந்தது. அதன் மரப் பிடியில் எஸ்டேட் சூட்டுக்குறி. இறங்குவதற்கு முந்தின வாரம் வரைக்கும் பங்களா ஜன்னலில் அதை வைத்துத்தான் துளை போட்டேன், பெட்டியில் கிடந்ததை எடுத்துக் கொடுக்க மறந்துபோனேன் என்று ஆசாரி சொன்னார். காவல்காரர் நம்பினாலும் அவரால் விட முடியாது. பெட்டி ஆபீசுக்குத் திரும்பிப் போனது. ஆசாரியும் பெட்டியோடு லாரியை விட்டு இறங்கிவிட்டார். மனைவியை மட்டும் லாரியில் அனுப்பினார்.

மேனேஜர் புதியவர். கோயம்புத்தூர்ப் பக்கம். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே ஸ்டோரில் நிறையச் சாமான் குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஆசாரியின் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த சாமான்கள் எல்லாமே பழைய சீமை இரும்பு. எல்லாப் பிடியும் ஆசாரியே செய்து போட்டது. ஒன்றிலும் சூட்டுக்குறி இல்லை. பெரிய கிளார்க் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்: குறி இருந்த பிடிகளைக் கழற்றி எரித்துவிட்டு, இவரே புதுப் பிடி போட்டிருக்கலாமே. மழை பெய்கிற ஊரில் பிடி உளுத்துப்போகும், மாற்றத்தானே வேண்டும் என்றார் ஆசாரி. இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

போலீசுக்குச் சொல்வதா வேண்டாமா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்தபோது, கிளார்க்கே என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கழித்த சாமான்களை வருஷக்கணக்காக எடுக்கிறவர், பார்த்தாலே சொல்லிவிடுவார் என்று. ஆசாரியிடம் கேட்டதற்கு, பாய் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். லாரி டிரைவர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு முன்பே ஆசாரியின் மனைவி என் கடைக்கு வந்துவிட்டார். சாரதா என்று பெயர். சின்னமனூரில் தன் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். ஒரு புது வீட்டுக்கு நிலை, கதவு எல்லாம் செய்து கொடுக்க ஆசாரி ஒப்புக்கொண்டிருந்தார். மலையில் திருடினார் என்று பேச்சு இறங்கிவிட்டால், எந்த வீட்டுக்காரர் அவரை வீட்டுக்குள் விடுவார். இதையெல்லாம் அழாமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, எல்லாம் அவுகளுதுன்னு சொல்லிருங்க. அங்கன இருக்கவுகளுக்கு உளியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னா முடிஞ்சு போச்சு."

நான் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்றேன். எனக்கும் ஆசாரியைத் திருடன் என்று நினைக்க மனம் வரவில்லை. ஆனால் மனம் வராதது வேறு, தெரிவது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாரதா அம்மாவுக்கும் மேனேஜருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் அந்த எஸ்டேட்டில் பிடியில் மட்டும் குறி போடவில்லை. இரும்பிலும் போட்டார்கள். அரிசி அளவுக்கு ஒரு வட்டம், உள்ளே ஒரு எழுத்து. உளியானால் பிடிக்குள் நுழைகிற கழுத்துப் பக்கம், இழைப்புளி பிளேடானால் மேல் நுனியில். துருவும் பிசினும் ஏறி மூடிவிடும். கழித்த இரும்பைத் தேய்க்கும்போது பல தடவை அதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஆபீசில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மலையில் தூறல். ஆபீஸ் வராந்தாவில் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்சில் ஆசாரி வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எழுந்து வரவில்லை.

மேனேஜர் முதலில் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். பின்பக்கம் ஒரு அறையைத் திறந்தார். நான் இத்தனை வருஷம் எடுத்தது எல்லாம் கழிவு. இந்த அறையை யாரும் எனக்குக் காட்டியதே இல்லை. சுவர் முழுக்க ரம்பங்கள் தொங்கின. ஆள் உயரத்துக்கு இரண்டு பேர் இழுக்கிற ரம்பம், வளைவு இழைக்கிற இழைப்புளி வரிசை, மூடி போட்ட பெட்டியில் உளிகள், ஒன்றுகூடக் கை படாமல். மெஷின் வாங்கப் போகிறோம், இதையெல்லாம் தள்ளிவிடலாம் என்று இருக்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளலாம் பாய் என்றார் மேனேஜர். ஆசாரி பெட்டியில் எஸ்டேட் சாமான் என்று எதைச் சொல்கிறீர்களோ அதுவும் இதோடு சேரும் என்றார்.

அவர் அதை லஞ்சமாகச் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்ட ஆளுக்கு ஒரு வியாபாரம் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் நான் அந்த அறையில் நின்று யோசித்தேன். எஸ்டேட்டின் சாமான் என்று நான் கை காட்டுகிற ஒவ்வொன்றும் நாளை என் கடைக்கு வரும். ஆசாரியின் சாமான் என்று சொன்னால் வராது. அப்படி இருக்கும்போது நான் சொல்வது தீர்ப்பா, கொள்முதலா? நானே எனக்கு அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

"சார், இன்னைக்கு நான் பிரிச்சுக் கொடுக்குறதுல ஒண்ணையும் நான் வாங்க மாட்டேன். இந்த ரூம்ல இருக்குறதும் எனக்கு வேண்டாம். கம்பத்துல ஆள் இருக்காக, அவுகளக் கூப்புடுங்க" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விலை குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார் போல. பிறகு புரிந்துகொண்டார். அந்த அறைச் சாமான்கள் அப்புறம் கம்பத்து வியாபாரி ஒருவருக்குத்தான் போயின. அவர் அதில் வீடு கட்டினார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் இதை மட்டும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாமான் யாருடையது, என்ன பெறும் என்று உங்களை யாராவது கேட்டால், வாங்குகிற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். முடியவில்லை என்றால் கேட்டவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது.

வராந்தாவில் ஒரு சாக்கை விரிக்கச் சொல்லி உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய், துணி, உப்புத்தாள் எல்லாம் நான் கொண்டு போயிருந்தேன். எதிரே பெஞ்சில் ஆசாரி. நாற்காலியில் மேனேஜர். கிளார்க் கதவில் சாய்ந்து நின்றார். தேயிலை கிள்ளிவிட்டு எடை போட வந்த பெண்கள் சிலர் தூரத்தில் மழைக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

முதலில் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பினேன். ஒவ்வொரு பிடியிலும் இடது பக்கம்தான் வழுவழுப்பு. இடது உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. ரம்பத்தின் பிடியில்கூட விரல் தடம் இடது பக்கம். மேனேஜர் குனிந்து பார்த்து, அப்போது எல்லாமே இவருடையதுதானா என்று கேட்டார். அவர் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும்.

"இது யார் உழைச்சான்னு சொல்லும் சார். யார் வாங்குனான்னு சொல்லாது" என்றேன்.

என் பெயர் முழுக்க அந்தத் தேய்மானத்தைப் படிக்கிற வித்தையில்தான் இருந்தது. கேட்ட கேள்விக்கு அந்த வித்தை பதில் சொல்லாது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெளிந்தது. கை வந்த வித்தை ஒன்று இருந்தால் எல்லாக் கேள்வியையும் அதிலேயே அளக்கத் தோன்றும்.

பிறகு, இரும்பிலும் குறி உண்டு என்று அவர்களிடம் சொன்னேன். அது எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று தரையில் தண்ணீர் தொட்டு வரைந்தும் காட்டினேன். கிளார்க்குக்கு ஆச்சரியம். ஆசாரி அந்த ஈர வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமலே தேய்க்க ஆரம்பித்திருந்தால், தெரிந்ததைக் காட்டவும் மறைக்கவும் எனக்கு வழி இருந்திருக்கும். அந்த வழி எனக்குத் திறந்திருக்கக் கூடாது என்றுதான் முதலிலேயே சொன்னேன்.

இரண்டு உளியும் ஒரு ரம்பமும் நான் விற்றவை. என் கடையில் போடுகிற பிடிக்கு, பழைய ஸ்டவ்வின் பித்தளைக் குழாயை வெட்டித்தான் வளையம் போடுவோம். ஆசாரி பிடியை மாற்றியும் அந்த வளையத்தை எடுத்து மறுபடி போட்டிருந்தார். அதைக் காட்டி அவர் பக்கம் வைத்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடி கழற்றி, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். குறி இல்லை. குறி இல்லை. ஆசாரியின் பக்கம் குவிந்தது. ஒரு அகல உளியில் வட்டம் தெரிந்தது. ஆசாரி வாங்கிப் பார்த்து, சரிதான், இது அவர்களுடையது என்றார். துரப்பணத்தோடு அதையும் எஸ்டேட் பக்கம் வைத்தேன்.

கடைசியில் இழைப்புளி. நீளமானது. ஈட்டி மரக் கட்டை, ஆசாரியே செய்தது. அதை அவர் எப்படி வைத்திருந்தார் என்று உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அந்த மாதிரி ஒன்றைத் தேடித்தான் அலைகிறீர்கள். ஆப்பைத் தட்டிப் பிளேடை வெளியே எடுத்தேன். தீட்டித் தீட்டிப் பாதி நீளம் போயிருந்தது. வாய் மட்டும் வெள்ளி மாதிரி. மேல் நுனி சுத்தியல் அடி வாங்கி மடிந்து, பிசினும் எண்ணெயும் காய்ந்து கறுப்புப் பொருக்காக இருந்தது.

உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பொருக்கு உதிர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவினேன். விரலில் பட்டது. வட்டத்தில் பாதி. மீதிப் பாதி அடி வாங்கி நசுங்கியிருந்தது.

அதே உப்புத்தாளை அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் போதும். வேலையே அதுதான், தேய்ப்பது. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். துரப்பணமும் ஒரு உளியும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டன, அவர்களுக்கும் திருப்தி. சாரதா அம்மா சொன்னது காதில் இருந்தது. இந்தப் பிளேடை எஸ்டேட்டில் யாரும் தொடப்போவதுகூட இல்லை, மெஷின் வரப் போகிறது. ஆசாரிக்கு அதுதான் சோறு. நியாயம் எல்லாம் ஒரு பக்கம்தான் இருந்தது. அந்தக் குறி மட்டும் இன்னொரு பக்கம் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. ரொம்ப நேரமாக இருந்திருக்காது. பிளேடைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, மேனேஜரிடம் கொடுக்காமல் ஆசாரியிடம் நீட்டினேன்.

"ஆசாரி, இங்கன விரலை வச்சுப் பாருங்க."

அவர் இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "நான் மலைக்கு வந்த புதுசுல எஸ்டேட்ல கொடுத்த சிந்தேரு. கட்டை உளுத்துப்போச்சு, வேற கட்டை செஞ்சேன். அதுவும் தேஞ்சது, மறுபடி செஞ்சேன். பிளேடு மட்டும் அதேதான். அது யாருதுன்னே மறந்துட்டேன் சாரே."

ஆசாரி எழுந்து வந்து சாக்கில் குந்தினார். பிளேடை எஸ்டேட் பக்கம் உளிக்கு அருகில் வைத்தார். கட்டையையும் ஆப்பையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அப்போது கிளார்க் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஈட்டிக் கட்டையும் எஸ்டேட் காட்டு மரம்தானே என்று. அவர் விஷமமாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படிப் போகிறதே என்று சொன்னார். ஆசாரியின் முகம் மாறியது அப்போதுதான். இரும்பைக் கொடுத்தபோது மாறாத முகம்.

எனக்கு இது இரண்டாவது சோதனை. ஒரு உண்மையைப் பிடித்து இழுத்தால் அதன் பின்னால் இன்னொன்று வரும், அதன் பின்னால் இன்னொன்று. எங்கே நிறுத்துவது என்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். அதன் ரேகையைப் பார்த்தாலே தெரிந்தது, விழுந்த மரத்தின் வேர்ப்பக்கத் துண்டு அது. விறகுக்குப் போக வேண்டியதை அவர் எடுத்துச் செதுக்கினார். எஸ்டேட் வேலைக்காகவே செதுக்கினார்.

மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன்: "மரம்னு போனா அவுக வீட்டு அடுப்பு வரைக்கும் போகணும் சார். நீங்க என்னைக் கூப்பிட்டது சாமானுக்கு. இரும்போட நிறுத்திக்கிருவோம்."

மேனேஜர் கிளார்க்கைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார். பிறகு எழுந்து, எஸ்டேட் பக்கம் இருந்த பிளேடைக் கையில் எடுத்து ஆசாரியிடம் நீட்டினார். இதை எங்களுடைய அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

ஆசாரி கையை நீட்டவில்லை. கும்பிட்டார். "இன்னைக்கு வேண்டாம் சாரே. இன்னைக்கு வாங்கினா, திருடினதை மன்னிச்சுக் கொடுத்தாகன்னு ஆகும். இவுக முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா மதி."

மதி என்றால் போதும். எடை போட வந்த பெண்களைக் காட்டித்தான் சொன்னார். மேனேஜருக்கு அது எளிதாக இல்லை. புதியவர், தொழிலாளிகள் முன்னால் தவறு என்று சொல்ல வேண்டும். ஆனாலும் வராந்தாப் படி இறங்கிப் போய், ஆசாரி எதையும் திருடவில்லை, வருஷக்கணக்காகப் புழங்கியதில் சாமான் கலந்துபோய்விட்டது, இன்று பிரித்துக்கொண்டோம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஒரு பெண் மட்டும், "எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது லாரியில் முன்பக்கம் நாங்கள் இரண்டு பேரும். பெட்டி ஆசாரியின் காலடியில். கேட்டில் காவல்காரர் எங்களைப் பார்த்ததும் நிறுத்தாமலே கம்பியைத் தூக்கினார். ஆசாரி டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, மூடியைத் திறந்தார். காவல்காரருக்குக் கூச்சம். வேண்டாம் ஆசாரி, போங்க என்றார். ஆசாரி கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, திரும்ப அதனதன் இடத்தில் வைத்தார். பிளேடு இல்லாத அந்தக் கட்டையையும் காட்டினார். பின்னால் தேயிலை ஏற்றிய இன்னொரு லாரி வந்து நின்றது, ஹாரன் அடிக்கவில்லை.

மலை இறங்குகிற வரைக்கும் பெட்டி ஆடாமல் அவர் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவு தாண்டி வெயில் தெரிந்ததும், என் கடையில் ஒரு சீமைப் பிளேடு இருக்கிறது, கொஞ்சம் அகலம் கூட, வாயைச் சீவினால் உட்காரும் என்றேன். வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தேய்க்கும்போது உங்க கட்டைவிரல் நின்னுச்சு பாய். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குறி இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் அதை அழித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"பெட்டியை அங்கனயே வச்சிட்டு இறங்கியிருப்பேன்" என்றார். "அந்த ஒண்ணு பொய்னா, மத்ததெல்லாம் என்னுதுன்னு நீங்க சொன்னதும் பொய்தானே. அதை வச்சு நான் எப்படி வேலை செய்யிறது."

உங்களில் பலர் துருவைத் தேய்க்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்தான். அன்றைக்கு இருந்தார், எதிர் பெஞ்சிலேயே. நான் அழித்திருந்தால், அவருக்கு நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஒரு மனிதரிடம் மிச்சமிருந்ததை எல்லாம் பறித்தேன் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.

சின்னமனூரில் லாரி நின்ற இடத்தில் சாரதா அம்மா காத்துக்கொண்டிருந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு கணவரை. டிரைவர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். ஆசாரி அதை இடது தோளில் தூக்கிக்கொண்டார்.

"எல்லாம் வந்துருச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நம்மது எல்லாம் வந்துருச்சு" என்றார் ஆசாரி.